சம்பளக் கணக்கில் சேர்க்கப்பட்ட ஏ.ஐ. சலுகை: ஒன்பது மாத அனுபவம்

நான் பிறந்து வளர்ந்தது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும், அரசு அலுவலகங்களில் மலையாளம் என்று பழகியதால் மொழிபெயர்ப்பே எனக்குத் தொழிலாக அமைந்தது. மோட்டார் பம்புசெட்டு, கிரைண்டர் போன்றவற்றின் பயன்பாட்டுக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாற்றித் தருவது என் வேலை. பாலக்காட்டு நகரத்தில் மாதம் 42,500 ரூபாய் கையில் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, 2025 மே மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் என்று பணி நியமனக் கடிதம் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தத் தொகையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். அந்த மகிழ்ச்சியில் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை நான் ஊன்றிப் படிக்கவில்லை. "ஏ.ஐ. கருவிப் பயன்பாட்டுச் சலுகை: ஆண்டுக்கு 1,08,000 ரூபாய்" என்பது அந்த வரி. ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு. அதைப் பற்றி அன்று யாராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் கேட்காமலும் இல்லை. மனிதவளப் பிரிவு அதிகாரி, "மற்ற இடங்களில் இதெல்லாம் உங்கள் கைக்காசில் போகும் மேடம், இங்கே நாங்களே தருகிறோம்" என்றார். கேட்பதற்குச் சரியாகவே பட்டது. ஜூன் மாதச் சம்பளமாக 54,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வங்கிக் கணக்கில் வந்தது 45,447 ரூபாய். பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணி, சம்பளச் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. 7,20,000 ரூபாயில் 1,08,000 ரூபாய் பணமாக வராது. பணிக்காக அவர்கள் திறந்து கொடுத்த ஏ.ஐ. கணக்கின் "மதிப்பு" அது. மாதத்திற்கு 9,000 ரூபாய். பழைய சம்பளத்தைவிடக் கூடியது 2,947 ரூபாய் மட்டுமே. வீட்டிலிருந்து வேலந்தாவளம் வரை ஸ்கூட்டர், அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் பேருந்து என்று போய்வந்ததில் முன்பைவிடக் கூடுதலாக ஆன செலவு மாதம் 1,800 ரூபாய். எஞ்சியதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று.

ஆகவே, ஆண்டு மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எந்தக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். "முதல் மாதம் முழுதும் வேலை செய்தால் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு ரூபாய் வரவாகும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டால் பதிலுக்குச் சான்று இருக்காது. பழைய வேலையில் கையில் வாங்கிய தொகையையும் புதிய வேலையில் கையில் வரப்போகும் தொகையையும் மட்டுமே ஒப்பிடுங்கள். நான் ஒப்பிட்டது இரண்டு மொத்தத் தொகைகளை. அந்தத் தவறு ஒன்பது மாதம் என்னை விடவில்லை.

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சித்தூர்ப் பக்கத்து வயல்களில் அறுவடைக்குப் போனவர். அவருக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அந்த நெல்லை அவர் வீட்டுக்குச் சுமந்து வருவார், குத்திச் சமைப்பார், மிஞ்சியதை விற்று உப்பும் மண்ணெண்ணெயும் வாங்குவார். எனக்கு வந்த சலுகையை நான் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. அலுவலக வேலையைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று விதி. அறுப்பதற்குக் கொடுத்த அரிவாளின் விலையை அமுச்சியின் கூலியில் யாரும் பிடிக்கவில்லை. வேலைக்கு வேண்டிய கருவியை வேலை கொடுப்பவர் தருவது வழக்கம். அதைச் சம்பளம் என்று எழுதியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

9,000 ரூபாய் என்ற மதிப்பு எப்படி வந்தது என்பதையும் விசாரித்தேன். நான் சேர்ந்த அந்த ஆண்டில், சாட்ஜிபிடி பிளஸ் திட்டத்திற்கு இந்தியாவில் மாதக் கட்டணம் 1,999 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் 399 ரூபாய்க்கு ஒரு சிறிய திட்டமும் வந்தது. ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்பிளெக்சிட்டி ப்ரோ என்ற ஏ.ஐ. திட்டத்தை ஓராண்டுக்கு இலவசமாகத் தந்து, அதன் மதிப்பு 17,000 ரூபாய் என்றது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஏ.ஐ. கருவியான ஜெமினியின் கட்டணத் திட்டத்தைத் தகுதியுள்ளவர்களுக்கு 18 மாதம் இலவசமாக அறிவித்து, மதிப்பு 35,100 ரூபாய் என்றது. 22 வயதான என் தம்பிக்குக் கைப்பேசி ரீசார்ஜோடு 35,100 ரூபாய் கிடைத்துவிட்டது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அது விளம்பரத்தில் போடும் மதிப்பு, கைக்கு வரும் வருமானம் இல்லை. நிறுவனங்களுக்கான திட்டங்களில் தகவல் பாதுகாப்பும் நிர்வாக வசதிகளும் கூடுதல் என்பதால் விலை சற்று மாறலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்த ஒற்றப்பாலத்துச் சேச்சி ஒருவர், தலைக்கு மாதம் ஏறத்தாழ 2,500 ரூபாய்க்குத்தான் பில் வருகிறது என்று என்னிடம் சொன்னார். என் சம்பளச் சீட்டில் அது 9,000 ரூபாயாக இருந்தது. உங்கள் கடிதத்திலும் இப்படி ஒரு வரி இருந்தால், கருவியின் பெயர், திட்டத்தின் பெயர், நிறுவனம் உண்மையில் செலுத்தும் கட்டணம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்தத் தொகையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. என்னை உள்ளுக்குள் வாட்டியது அக்டோபரில் தொடங்கியது. அதுவரை அளவின்றி இருந்த பயன்பாட்டுக்கு மாத உச்சவரம்பு வந்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரே அளவு டோக்கன், அதாவது கருவியின் பயன்பாட்டை எண்ணும் அலகு. பார்த்தால் முழுச் சமத்துவமாகத் தெரியும். ஆனால் ஆங்கில ஆவணங்களைப் பார்ப்பவர்கள் மாத இறுதியிலும் பாதியை மிச்சம் வைத்திருக்க, தமிழும் மலையாளமும் செய்யும் எங்கள் நான்கு பேருக்கும் 17, 18ஆம் தேதியிலேயே தீர்ந்துவிடும். நாங்கள் வீணாக்குகிறோம் என்று கூட்டத்திலேயே சொன்னார்கள். எனக்கும் முதலில் என்மீதே சந்தேகம் வந்தது. பிறகு உட்கார்ந்து படித்தேன். இந்தக் கருவிகள் நாம் எழுதுவதைச் சொல் சொல்லாக எண்ணுவதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டி எண்ணுகின்றன. ஆங்கிலத்தில் பல சொற்கள் ஒரே துண்டாக நிற்கும். தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் (சேமிப்பின் சிறிய அலகு) போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். "தண்ணீர்" என்ற சொல்லில் மெய்ப்புள்ளிகளையும் உயிர்க்குறியையும் சேர்த்து ஏழு குறியீடுகள், ஆக 21 பைட். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து. கருவிக்குள் இயங்கும் மொழி மாதிரியைப் பயிற்றுவித்த எழுத்துத் தொகுப்பில் ஆங்கிலமே மிகுந்திருந்ததால், துண்டுகளின் பட்டியலிலும் ஆங்கிலத்துக்கே இடம் மிகுதி.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே அறிமுக வாசகத்தை இருபது மொழிகளில் எடுத்துக்காட்டி, பழைய முறையில் தமிழுக்கு 116 டோக்கன் ஆனது புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது என்று அறிவித்தது. ஆங்கிலத்தில் அதே வாசகம் 27இலிருந்து 24 ஆனது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் 35க்கும் 24க்கும் இடையே உள்ள இடைவெளி எங்களைப் போன்றவர்களின் தலையில் விடிகிறது. மாதிரிக்கு மாதிரி இந்த அளவு மாறும் என்பதால், எங்கள் அலுவலகக் கருவியில் நானே ஒரு பம்புசெட்டுக் கையேட்டின் பத்துப் பக்கங்களை அளந்தேன். ஆங்கில மூலத்தைவிடத் தமிழ் வடிவத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயிற்று. அட்டவணை போட்டு மேலாளருக்கு அனுப்பினேன். அவர் நல்ல மனிதர். கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உச்சவரம்பு நிதிப் பிரிவின் முடிவு, தன்னால் மாற்ற இயலாது என்று விட்டுவிட்டார். ஒரே பதவியில் இருந்த எங்களுக்குச் சம்பளச் சீட்டில் ஒரே 9,000 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் வேலை செய்தவருக்கு அது முப்பது நாள் ஓடியது, தமிழில் வேலை செய்த எனக்குப் பதினெட்டு நாள்கூட ஓடவில்லை. தமிழிலோ மலையாளத்திலோ தெலுங்கிலோ வேலை செய்பவர்கள் உச்சவரம்பு எந்த அலகில் கணக்கிடப்படுகிறது என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். டோக்கன் அளவு என்றால், உங்கள் மொழியில் ஒரு நாள் வேலையை மாதிரியாக அளந்து, அதை 25ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

கருவி தீர்ந்த பிறகும் இலக்கு தீரவில்லை. பழைய அலுவலகத்தில் நாளொன்றுக்கு 12 பக்கம் செய்தேன். இங்கே கருவி இருக்கிறது என்பதற்காக 20 பக்கம். 18ஆம் தேதிக்குப் பிறகு கருவி இல்லாமலும் அதே 20 பக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் இரவு பதினொன்று வரை கையால் தட்டச்சு செய்தேன். நவம்பரில் பொறுக்க முடியாமல் என் கைக்காசில் 1,999 ரூபாய் கட்டிச் சொந்தக் கணக்கு ஒன்றை எடுத்தேன். பிப்ரவரி வரை நான்கு மாதம், 7,996 ரூபாய். திருப்பிக் கேட்டபோது, முன் அனுமதி பெறாத செலவு என்று மறுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஜனவரி தொடக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது: வாடிக்கையாளரின் வெளியிடப்படாத கையேட்டை அனுமதியில்லாத சொந்தக் கணக்கில் ஏற்றியது ஒப்பந்த மீறல். படித்தபோது கை நடுங்கியது. அவர்கள் சொன்ன விதி சரியான விதி. நான் அதை மீறியதும் உண்மை. புதிய பம்பின் விவரக்குறிப்பு வெளியே கசிந்திருந்தால் பாதிக்கப்படுவது வாடிக்கையாளர். அன்று மாலை வேலந்தாவளம் வரும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி அழுதேன். நிறுவனத்தின் வேலையை முடிப்பதற்காக என் பணத்தைச் செலவழித்து, அதற்காகவே குற்றவாளியாக நின்றேன்.

இந்த இடத்தில் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அலுவலக ஆவணத்தைச் சொந்தக் கணக்கில் ஏற்றாதீர்கள் என்பதுதான். அளவு தீர்ந்த நாளிலேயே, "இன்று பயன்பாட்டு அளவு முடிந்துவிட்டது, எஞ்சிய நாட்களுக்குக் கூடுதல் அளவு தேவை, இல்லையேல் நாளொன்றுக்கு இத்தனை பக்கம்தான் இயலும்" என்று தேதியிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் மூன்று மாதமும் வாயால் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். குறிப்பாணைக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது என் கையில் ஒரு சான்றும் இல்லை.

டிசம்பரில் வீட்டைப் புதுப்பித்துக் கட்டக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வங்கிக்குப் போயிருந்தோம். மேலாளர் பொறுமையாக ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் வங்கி வரவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏ.ஐ. சலுகை என்ற வரியைச் சுட்டி, "இது வரவில் இல்லையே" என்றார். இல்லை என்றேன். கடன் தகுதியைக் கணக்கில் வந்த தொகையை வைத்தே கணக்கிட்டார். தவணைக்கு மாத வருமானத்தில் பாதி என்று கொண்டால், 9,000 ரூபாய் குறைந்ததில் தவணையில் 4,500 ரூபாய் குறைகிறது; இருபது ஆண்டுக் கடனில் அது சுமார் 5 லட்சம் ரூபாய். மாடியில் அறை எடுக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டோம். அப்பா ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 28 அன்று பணிவிலகல் கடிதம் கொடுத்தேன். ஒரு மாத முன்னறிவிப்பு. கடைசி நாள் பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. அன்று மாலை நான்கரைக்கு என் கணக்கு மூடப்பட்டது. ஒன்பது மாதமாக அதில் நான் சேர்த்துவைத்த சொற்பட்டியல் 1,400 பதிவுகளைக் கொண்டது. ஃபுட் வால்வு, இம்பெல்லர், ஓவர்லோடு ரிலே என்று ஒவ்வொன்றுக்கும் எல்லையின் இரு பக்கத்து விவசாயிகளும் மெக்கானிக்குகளும் வழங்கும் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தது. பணியின்போது உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளியே முதல் உரிமையாளர். அதனால் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் என் சொந்தப் படிப்புக்கான குறிப்புகளும், அம்மாவின் மருந்துகளைப் பற்றிக் கேட்டு வைத்தவையும் அதே கணக்கில் போயின. நிறுவனக் கணக்கில் நாம் எழுதுவதை நிர்வாகி பார்க்க வழியிருக்கிறது என்பதும் எனக்குப் பிறகே தெரிந்தது. அலுவலகக் கணக்கில் அலுவலக வேலையைத் தவிர ஒரு வரியும் வேண்டாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பணிவிலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்க வேண்டும். எனக்கு மார்ச் 24 அன்றுதான் கணக்கு வந்தது. அதிலும் 27,000 ரூபாய் பிடித்திருந்தார்கள். காரணம், ஏ.ஐ. கருவியின் "ஆண்டு உரிமத்தில் பயன்படுத்தாத மூன்று மாதங்கள்". நான் பயன்படுத்தப் போகாத மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்கு, நான் வாங்காத ஒரு பொருளுக்கு, மாதம் 9,000 ரூபாய் வீதம் என்னிடமே வசூல். ஒன்பது மாதம் பொறுத்த எனக்கு அன்று பொறுக்கவில்லை. வழக்கறிஞரிடம் போக வசதியில்லை. சட்டத்தை நானே படித்து, இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். சம்பளத்தில் பிடித்தம் செய்வதற்கான காரணங்களைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. உரிமக் கட்டணத்தின் மிச்சம் அவற்றுள் எதில் அடங்கும் என்று கேட்டேன். அதே சட்டத்தில், ஊதியத்துக்குப் பதிலாகப் பொருளாகத் தரப்படுவதன் மதிப்பு மொத்த ஊதியத்தில் 15 விழுக்காடு வரை ஊதியமாகவே கொள்ளப்படும் என்று இருக்கிறது. என் கடிதத்தில் இருந்த 1,08,000 ரூபாய், 7,20,000 ரூபாயில் சரியாக 15 விழுக்காடு. ஆகவே, "இது ஊதியம் என்றால், விடுப்புக்கான பணத்தைக் கணக்கிட்டபோது ஏன் சேர்க்கவில்லை? இது நிறுவனத்தின் கருவி என்றால், அதன் உரிமச் செலவை என்னிடம் ஏன் பிடிக்கிறீர்கள்? இரண்டில் எது என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று கேட்டு, நியமனக் கடிதம், ஒன்பது சம்பளச் சீட்டுகள், வங்கி வரவு ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையை அணுகுவேன் என்றும் எழுதினேன். நான் கேரளத்தில் வசித்தாலும் பணியிடம் கோயம்புத்தூர் என்பதால், முறையீட்டையும் தமிழ்நாட்டில்தான் கொடுக்க வேண்டும். எல்லைப் பகுதிகளில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் 27,000 ரூபாய் திரும்ப வந்தது. என் கேள்விக்கு விடை வரவில்லை. சொந்தக் கணக்குக்குக் கட்டிய 7,996 ரூபாய் போனது போனதுதான். பணமாக வந்திருக்க வேண்டும் என்று நான் நம்பிய 81,000 ரூபாயைப் பற்றி இப்போது நினைப்பதில்லை.

வேலைக்குக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கருவி என் வேலையின் சலிப்பான பாதியைக் குறைத்தது. திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை வாசகங்களைச் சரிபார்க்கும் நேரம் மூன்றில் ஒன்றாயிற்று. அதனால்தான் கஞ்சிக்கோட்டில் இப்போது கிடைத்த வேலையின் பேச்சுவார்த்தையில் அதை மறுக்காமல், சம்பளத்திலிருந்து பிரித்து எழுதும்படி கேட்டேன். ஆண்டுக்கு 6,60,000 ரூபாய், மாதம் கையில் 49,000 ரூபாய்க்குச் சற்று மேல். மொத்தத் தொகை பழையதைவிட 60,000 ரூபாய் குறைவு என்பதைப் பார்த்து உறவினர்கள் சிலர் வருந்தினார்கள். "பணிக்குத் தேவையான மென்பொருள், ஏ.ஐ. கருவிகள் அனைத்தும் நிறுவனத்தின் செலவு, அவை ஊதியத்தில் சேரா, பணிவிலகும்போது அவற்றுக்காக எந்தப் பிடித்தமும் இல்லை, பயன்பாட்டு அளவு ஊழியர் வேலை செய்யும் மொழிக்கேற்ப நிர்ணயிக்கப்படும்" என்று நான் எழுதிக் கொடுத்த வாசகத்தில் முதல் மூன்றையும் உடனே ஏற்றார்கள். மொழியைப் பற்றிய வரிக்கு மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள். என்னுடைய பத்துப் பக்க அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு அதையும் சேர்த்து அனுப்பினார்கள். இந்த முறை அப்பா கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் படித்தார்.